‘போவாதீங்க’ மட்டும் போதும்

நடிகர்களைப் பேசிப் பழக விடுங்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் தர்மபுரி மாவட்டத்தில் படம் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் அந்த யோசனையை வேறு யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சென்னையில் பல வருஷம் உதவி இயக்குநராகக் குப்பை கொட்டியவன் நான். முதலில் வேலை பார்த்த இயக்குநருக்கு நடிகர்களிடம் ஒரே முறைதான் தெரியும். கத்துவது. அழ வேண்டிய காட்சி என்றால் அந்த நடிகையை எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டி நிஜமாகவே அழவைத்துவிடுவார். மூக்கு சிவந்திருக்கும்போதே கேமராவை ஓட்டச் சொல்வார். காட்சி பிரமாதமாக வரும், பார்க்கிற எனக்குத்தான் சோறு இறங்காது. நான் படம் எடுக்கும் நாளில் ஒருவரிடமும் குரலை உயர்த்துவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். எனக்கு இயல்பிலேயே மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால், இது சும்மா எடுத்த முடிவு இல்லை.

அடுத்து வேலை பார்த்தவர் நேர்மாறானவர். கணவன் மனைவியாக நடிக்க வருகிறவர்களை முதலில் ஓர் அறையில் உட்காரவைத்து, “பேசுங்க, கதையைப் பத்தி மட்டும் பேசாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். வெளியே வரும்போது அவர்களுக்கிடையே கூச்சம் போயிருக்கும். ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்கிற அளவுக்கு வந்திருப்பார்கள். அழ வேண்டிய காட்சியில் ‘அழுங்க’ என்று சொல்லவே மாட்டார். “உங்க வாழ்க்கையில இப்படி ஒண்ணு நடந்திருக்குமில்ல, அதை நெனச்சுக்கங்க” என்பார், அவ்வளவுதான். இயக்குநர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவரை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கடத்தூர்ப் பக்கம். என் முதல் படத்தை அங்கேயேதான் எடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தேன். கதை சின்னது. மழை பொய்த்து, குச்சிக்கிழங்கு விலை விழுந்து, ஒருவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புகிறான். மனைவிக்கு அவன் போவதில் இஷ்டமில்லை. கடைசியில் பஸ் நிறுத்தம்வரை ஓடி வந்து போகவேண்டாம் என்கிறாள். பஸ் போய்விடுகிறது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு கதையாவது இப்படி இருக்கும், அதனால் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படத்துக்குப் பணம் போட்டது என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். தர்மபுரியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். ஊரே பாய் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். பாய் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான்.

“மாப்ள, மத்ததெல்லாம் நீ எப்புடி வேணா எடு. கடைசில அந்தப் பஸ் சீன்ல ஜனங்க அழுவணும். அழுதா படம் தப்பிச்சுது. இல்லன்னா நீ திரும்ப மெட்ராஸுக்கு எடுபிடி வேலைக்குப் போவ, நான் எங்க அத்தா மூஞ்சில முழிக்க முடியாது.”

எனக்கும் அதுவேதான். அந்தக் காட்சி இல்லையென்றால் படமே இல்லை.

தெரிந்த முகம் யாரும் வேண்டாம் என்று ஊர்க்காரர்களையே தேடினேன். கணவனாக நடிக்க வந்தவர் குட்டியானை என்று நாங்கள் சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். கிழங்கு மூட்டை, மாங்காய்க் கூடை, கல்யாண வீட்டு நாற்காலி எதுவானாலும் ஏற்றிப் போவார். பிடரி கறுத்து, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் கன்னம் ஒடுங்கும். மனைவியாக நடிக்கப் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு தையல்காரம்மா கிடைத்தார். ரவிக்கை தைக்கக் கொடுக்கத்தான் அவர் கடைக்குப் போனேன். அளவு ரவிக்கை கொண்டுவராமல் வந்த ஒரு பெண்ணை அவர் வாட்டி எடுத்ததைப் பார்த்து, தைக்கக் கொண்டுபோன துணியைத் திருப்பிக் கையில் எடுத்துக்கொண்டு, நீங்களே நடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். வேறு வேலை இல்லையா என்பதுபோல் பார்த்தார். கணவர் சம்மதித்த பிறகும் அவர் சரி சொல்லவில்லை. இரண்டாம் முறை போனபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தப் படத்த பெங்களூர்ல இருக்கறவங்களும் பாப்பாங்களா சார்?”

“போன் வெச்சிருக்கற எல்லாரும் பாப்பாங்க” என்றேன். இயக்குநர்கள் நடிகர்களுக்குக் கொடுக்கிற வாக்குறுதிகளில் இது சின்ன ரகம். அதற்கு ஏன் அவர் முகம் அப்படி மாறியது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அப்போதே சரி என்றார்.

படப்பிடிப்பு தொடங்கியதும் என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. சும்மா நிற்கும்போது அச்சாக நான் எழுதிய கணவனாகவே இருந்த வண்டிக்காரர், கேமரா ஓடத் தொடங்கியதும் நெஞ்சை நிமிர்த்திக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு திரையில் பார்த்த யார் யாராகவோ ஆகிவிடுவார். சோற்றைக்கூட எதிரே வில்லன் நிற்பதுபோல் முறைத்துக்கொண்டே தின்றார். கடைசியில் சாப்பாட்டுக் காட்சியை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்து, அவரை மூன்று மணிவரை பட்டினி போட்டேன். பசியில் தட்டைத் தவிர எதையும் பார்க்காமல் தின்றார். அந்தக் காட்சியில் அவர் நடிப்பைப் பாராட்டாதவர்கள் இல்லை.

தையல்காரம்மாவுக்கு ‘ஆக்‌ஷன்’ என்ற சொல்தான் எதிரி. அது காதில் விழுந்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பேசப்போகிறவர் மாதிரி விறைத்துவிடுவார். அதனால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, நான் காதைச் சொறிந்தால் கேமராவை ஓட்டு என்று ஒளிப்பதிவாளரிடம் சொல்லிவைத்தேன். ஒரு நாள் தாங்கியது. அடுத்த நாள் அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு கொசு கடித்து நான் சொறிந்தால்கூட விறைத்துக்கொண்டார்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். சமாளிக்க முடியாதது ஒன்றுதான். இருவரும் கணவன் மனைவியாகவே தெரியவில்லை. மோட்டார் சைக்கிளில் போகிற காட்சியில் இருவருக்கும் நடுவே ஒரு அரிசி மூட்டையை வைக்கலாம், தையல்காரம்மா அவ்வளவு இடம் விட்டு உட்கார்ந்தார். வீட்டுக் காட்சியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோலவே இருந்தது.

அப்போதுதான் எனக்குக் கதவைச் சாத்துகிற என் குரு ஞாபகம் வந்தார். மதியச் சாப்பாட்டின்போது இருவரையும் கூப்பிட்டு, “இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் அந்தப் புளியமரத்துப் பக்கமா தனியா உக்காந்து சாப்புடுங்க. கதையைப் பத்தி வேண்டாம். உங்க ஊரு, வூடு, சொந்தக்காரங்க, அதப் பத்திப் பேசுங்க” என்றேன். எல்லோரும் தள்ளிப் போங்கள் என்று விரட்டவும் விரட்டினேன்.

தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இருவரும் இலையை மட்டும் பார்த்துத் தின்றார்கள். பிறகு வண்டிக்காரர் ஏதோ கேட்டார். தையல்காரம்மா கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார். பேச்சு வளர்ந்தது. சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதும், வண்டிக்காரர் தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து அவர் இலையில் வைப்பதும் தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒளிப்பதிவாளரை இடித்து, “பாத்தியா? இதான்டா முறை” என்றேன்.

முறைதான். ஆனால் நான் நினைத்த முறை இல்லை.

கை கழுவிவிட்டு இருவரும் சேர்ந்தே என்னிடம் வந்தார்கள். வண்டிக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“சார், ஒரு சேதி. நானும் இந்தப் புள்ளயும் பங்காளிங்க ஆவறோம்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. இவர் கடத்தூருக்கு இந்தப் பக்கம், அவர் பாப்பிரெட்டிப்பட்டி. சாதி ஒன்றுதான் என்றாலும் இதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

“இவங்க தாத்தா காலத்துலயே எங்க பக்கத்துலருந்து அங்க போய்ட்டாங்களாம் சார். கொலசாமி எதுன்னு கேட்டன். ஏரிக்கரைல ரெண்டு கல்லு நட்டு, வேலு சாய்ச்சு வெச்சிருக்குமே, அந்த முனியப்பன்னு சொல்லுது. எங்களுதும் அதேதான். ஆடி மாசம் கெடா வெட்டறதுக்கு இவங்கப்பாவும் வருவாராம், நான் பாத்திருக்கறன். ஒரே சாமின்னா அண்ணன் தங்கச்சிங்கதான?”

எங்கள் பக்கத்தில் இரண்டு பேரைப் பேசவிட்டால் பேச்சு முதலில் ஊரில் தொடங்கும், அடுத்து யார் வீட்டுக்கு எந்த ஊரில் பெண் கொடுத்தார்கள் என்று போகும், அதற்கடுத்து குலசாமியில் வந்து நிற்கும். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணக்கு. இது எனக்குத் தெரியாததா? எனக்குப் பெண் பார்த்தபோது என் அம்மா முதலில் விசாரித்ததே இதைத்தான். சென்னையில் கற்றுக்கொண்டதை இங்கே இறக்கிய அவசரத்தில், நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதையே மறந்திருக்கிறேன்.

“நடிப்புதானங்க இது” என்றேன்.

“நடிப்புதான் சார். ஆனா அது முனியப்பனுக்குத் தெரியணுமில்ல?”

நான் தையல்காரம்மாவைப் பார்த்தேன். சினிமாவில் எத்தனையோ பேர் இப்படி நடிக்கிறார்களே, அவர்களெல்லாம் முறை பார்த்தா நடிக்கிறார்கள் என்று கேட்டேன்.

“அவங்களுக்குத் தெரியாது சார், அதனால நடிக்கறாங்க. எங்களுக்குத் தெரிஞ்சு போச்சே” என்றார்.

கத்தலாம் என்று தோன்றியது. கத்தி என்ன செய்ய? கத்தினால் நடிகர் அழுவார், முறை மாறாது.

அன்றைக்குப் படப்பிடிப்பு நின்றது. பாய்க்குப் போன் செய்தேன். வேறு ஆளைப் போடு என்றான். பாதிப் படம் முடிந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து எடுக்க உன்னால் ஆகுமா என்றேன். ஆகாது என்றான். அண்ணன் தங்கை கதையாகவே மாற்றிவிடலாமா என்றுகூட இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஏற்கெனவே எடுத்ததில் இவர்களின் குழந்தையாக வருவது வண்டிக்காரரை அப்பா என்கிறது, தையல்காரம்மாவை அம்மா என்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது.

மறுநாள் வண்டிக்காரர் தனியாக வந்து என்னைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனார். முந்தின நாள் புளியமரத்தடியில் தையல்காரம்மா ஏன் கண்ணைத் துடைத்தார் என்று அப்போதுதான் சொன்னார்.

“அதுக்குக் கூடப் பொறந்தவரு ஒரே அண்ணன் சார். பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவரு. மொதல்ல ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுவாராம். அப்பறம் போனே வரல. இவங்கப்பா போயி அலைஞ்சு பாத்திருக்கறாரு. அந்தக் கட்டடம் முடிஞ்சு எல்லாரும் வேற எடம் போய்ட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. உசுரோட இருக்கறாரா இல்லையான்னே தெரியல சார். அவரு கிளம்பறப்ப இந்தப் புள்ள தறி மிதிக்கற மாதிரி மெஷின மிதிச்சுக்கிட்டே இருந்துச்சாம், எந்திரிச்சு வந்து ஒரு வார்த்த சொல்லலயாம். அத நெனச்சுத்தான் அழுவுது. அண்ணன் இல்லன்னு நெனைக்காத, இனிமே நான் இருக்கறன்னு சொல்லிட்டன் சார். சொல்லிட்டு எப்புடி நான் அதும் பக்கத்துல புருசனா நிக்கறது?”

பெங்களூரில் இருக்கிறவர்களும் பார்ப்பார்களா என்று அவர் ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் படத்தில் நடிக்க வந்ததே அதற்காகத்தான். எங்கேயோ ஒரு செல்போனில் அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்ப்பார், பார்த்தால் கூப்பிடுவார்.

பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். தொடுவது கிடையாது. ஒரே கட்டிலோ ஒரே வண்டியோ கிடையாது. மிச்சக் காட்சிகளில் அவர் வாசலில் நின்றால் இவர் அடுப்படியில் நிற்பார். பின்னால் தெரிந்தவர்கள் சிலருக்கு மட்டும் போட்டுக் காட்டியபோது படத்தைப் பார்த்த ஒரு விமர்சகர், தம்பதிக்கு நடுவே இருக்கும் இடைவெளியை இயக்குநர் நுட்பமாகக் கையாண்டிருக்கிறார் என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

பஸ் காட்சிதான் பயமாக இருந்தது. நான் எழுதியிருந்தபடி மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். அதைப் பையின் வாரைப் பிடிப்பதாக மாற்றினேன். எப்படிக் கூப்பிடுவது என்பது அடுத்த சிக்கல். அதற்கு எங்கள் ஊரே வழி வைத்திருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவனைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறார்கள்? ‘இங்க பாருங்க’ என்பதிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மரியாதைக்கு ஒரு ‘ங்க’ இருந்தால் அது யாருக்கும் பொருந்தும்.

“நீங்க அவர எதுவும் சொல்லிக் கூப்புட வேண்டாம். ‘போவாதீங்க’ மட்டும் போதும்” என்றேன். தையல்காரம்மா யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

கடத்தூரில் தர்மபுரி போகிற பஸ்ஸை நிறுத்தி எடுத்தோம். வாடகைக்கு எடுத்த பஸ் இல்லை, நிஜ பஸ், உள்ளே நிஜப் பயணிகள். நடத்துநரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தடவை என்று அனுமதி வாங்கியிருந்தேன். இரண்டாவது டேக் கிடையாது. பஸ் வருவதற்கு முன்னால் தையல்காரம்மாவைத் தனியே அழைத்துப் போய், என் குரு சொல்வதை அப்படியே சொன்னேன்.

“கதைய மறந்துடுங்க. உங்களுக்கு யாரு போனது ரொம்ப வலிச்சுதோ, அவங்களே இப்ப பஸ் ஏறிப் போறாங்கன்னு நெனச்சுக்கங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தெரிந்துதான் சொன்னேனா என்று நீங்கள் கேட்டால், தெரிந்துதான் சொன்னேன். இயக்குநரின் வேலையே அதுதான் என்று அந்த நிமிஷம் நம்பினேன்.

பஸ் வந்தது. வண்டிக்காரர் பையோடு படியில் கால் வைத்தார். நான் காதைச் சொறியவில்லை, ஒளிப்பதிவாளரே ஓட்டிவிட்டிருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு தையல்காரம்மா ஓடி வந்தார். பையின் வாரைப் பிடித்தார். “போவாதீங்க” என்றார். சரியாகத்தான் சொன்னார். பஸ் நகர்ந்தது. வார் கையைவிட்டு நழுவியது. அப்போது அவர் வயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணா! போவாதீங்கண்ணா!”

பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைவீதியே திரும்பிப் பார்த்தது. பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா கூடையைப் போட்டுவிட்டு வந்து அவரைத் தூக்கிப் பிடித்தார். படம் பிடிக்கிறார்கள் என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஒளிப்பதிவாளர் கேமராவின் பின்னால் அழுதுகொண்டிருந்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை. என் படத்துக்கு அது உதவாது என்பதும் அதே நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, யாரோ ஒருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு வண்டிக்காரர் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. “அது என்னையக் கூப்புடல சார்” என்று மட்டும் சொன்னார்.

பஸ்காரர்களிடம் காலில் விழுந்தாவது இன்னொரு நாள் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். தையல்காரம்மாவிடம் கேட்டேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, “இன்னொருக்கா எப்புடி சார் கூப்புடறது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு விவரம் தெரியும் என்று நம்பிக் கேட்டார்.

சேலத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிப் பேசவைக்கப் பார்த்தேன். திரையில் தன்னையே பார்த்துக்கொண்டு மைக் முன்னால் நின்றார். உதடு அசையும் இடத்தில் ‘ஐயோ’ என்று சொன்னால் போதும் என்றேன். ஒவ்வொரு முறையும் சரியாகத் தொடங்குவார், அந்த இடம் வந்ததும் ‘அண்ணா’ என்றே வரும். கடைசியில் கூட வந்திருந்த வண்டிக்காரர், “வுட்டுடுங்க சார், பாவம்” என்றார். விட்டுவிட்டேன்.

பாய் வந்து பார்த்தான். அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு, “மாப்ள, பொண்டாட்டி புருசன அண்ணான்னா ஜனங்க சிரிச்சுடுவாங்கடா” என்றான். அவன் சொன்னது நியாயம்தான். படத்தொகுப்பாளர் ஒரு யோசனை சொன்னார். பஸ் கிளம்பும்போது அடித்த ஆரன் சத்தம் இருக்கிறது, அதை எடுத்து அந்த வார்த்தையின்மேல் போட்டுவிடலாம். போட்டோம். பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது. பஸ் சத்தத்தில் அவள் கடைசியாகச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை என்றே போட்டுக் காட்டியபோது பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதையும் நுட்பம் என்றார்கள்.

படம் இன்னும் வெளியாகவில்லை. செல்போனில் படம் காட்டுகிற நிறுவனங்களிடம் அலைந்துகொண்டிருக்கிறேன். எல்லோரும் ‘பாக்கறோம் சார்’ என்கிறார்கள். நடித்தவர்களுக்காவது காட்டிவிடலாம் என்று பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் காலையில் திரை கட்டினோம். தையல்காரம்மா கணவர், பிள்ளைகள், வயதான அப்பா எல்லோரோடும் முன்வரிசையில் இருந்தார். பஸ் காட்சியில் மண்டபமே மூக்கை உறிஞ்சியது. பாய் என் கையைப் பிடித்து நசுக்கினான். தையல்காரம்மா மட்டும் அழவில்லை. தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, எதையோ கேட்கக் காத்திருப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என்னிடம் வந்தார்.

“நல்லா இருந்துச்சுங்க சார். அந்தப் பஸ் எடத்துல மட்டும் என் சத்தம் வரலீங்களே.”

“கதையில அவரு உங்க வூட்டுக்காரருங்க. அண்ணான்னா பாக்கறவங்களுக்குக் கொழம்பிடும். அதான் ஆரன் சத்தத்தப் போட்டோம்.”

“செரிதானுங்க, கதை உங்களுது” என்றார். பிறகு பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்துக்கொண்டே, “நீங்க நெனச்சுக்கச் சொன்னீங்கன்னுதான் சார் நான் நெனச்சன்” என்றார்.

உங்கள் வாழ்க்கையில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத் தெரிந்த எனக்கு, அவர் நினைத்துக் கொண்டுவந்து கொடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதை என் குரு சொல்லித்தரவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

ஆரன் போடாத அந்தத் துண்டை மட்டும் தனக்கு அனுப்ப முடியுமா என்று தையல்காரம்மா கேட்டார். அன்றைக்கே அவர் போனுக்கு அனுப்பிவைத்தேன். வண்டிக்காரரும் வாங்கிக்கொண்டார். லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் தாண்டிப் போகும்போதெல்லாம், கட்டடம் எழும்புகிற இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, சாரத்தில் நிற்கிறவர்களுக்கு அதைக் காட்டி, இந்தப் பெண்ணின் அண்ணனைத் தெரியுமா என்று கேட்கிறாராம். தமிழாள் யாராவது நின்று பார்த்துவிட்டு, நல்லா நடிச்சிருக்கறீங்கண்ணே என்று அவரைப் பாராட்டிவிட்டுப் போகிறார்களாம்.

கொஞ்ச நாள் கழித்துத் தையல்காரம்மா போன் செய்தார். பின்னால் மெஷின் ஓடவில்லை.

“சார், அதை எங்கண்ணனோட பழைய நம்பருக்கு வாட்ஸப்புல அனுப்பிச்சனுங்க. ஒரு டிக்குதான் நிக்குது. தெனம் எடுத்து எடுத்துப் பாக்கறன், ரெண்டாவது வரவே மாட்டேங்குது.”

“ம்” என்றேன்.

“நீங்கதான பஸ்ஸையே நிக்க வெச்சீங்க. அதை ரெண்டு டிக் ஆக்கறதுக்கு எதனா பண்ண முடியுங்களா சார்?”

“பாக்கறனுங்க” என்றேன்.

“செரிங்க சார். மறந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.